மறைநூல் சொல்வதும் மணப்பந்தல் காட்டுவதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாதியைப் பற்றி இந்து, பௌத்த, இஸ்லாமிய சமயங்கள் கொண்டுள்ள கருத்துகளை ஒப்பிட்டுத் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையையும், அதற்கு வாசகர்கள் எழுதிய மறுமொழிகளையும் தொடர்ந்து படித்து வந்தேன். கட்டுரையாளர் மூன்று சமயங்களின் நூல்களிலிருந்தும் வரிகளை எடுத்து அருகருகே வைத்து, இந்து சமயம் சாதியை வகுத்தது, புத்தர் அதை மறுத்தார், இஸ்லாம் அதை அறவே ஒழித்தது என்று முடித்திருந்தார். மறுமொழி எழுதியவர்களில் பலர், எல்லாச் சமயங்களும் சமத்துவத்தையே போதிக்கின்றன, மனிதர்கள்தான் கெடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தனர். இவ்விரு முடிவுகளையும் என்னால் ஏற்க இயலவில்லை. நூல்களுக்கிடையே உள்ள வேறுபாடு உண்மையானது, பெரியது. அதைப் பூசி மெழுகுவது நேர்மையாகாது. ஆனால் ஒரு சமூகத்தில் சாதி இருக்கிறதா என்பதை அதன் மறைநூலைப் புரட்டித் தெரிந்துகொள்ள முடியாது. அங்கே யார் யாருக்குப் பெண் கொடுக்கிறார்கள், யார் வீட்டில் பெண் எடுக்கிறார்கள் என்று பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். சென்னையில் வருவாய்த் துறை அலுவலகங்களில் சாதிச் சான்றிதழ் விண்ணப்பங்களோடு என் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அண்ணல் அம்பேத்கர் 1916இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோதே, சாதியின் உயிர்நிலை எது என்ற கேள்விக்கு விடை சொல்லிவிட்டார். தீட்டு, தொழில், உணவு விலக்கு ஆகியவை அனைத்தையும் ஆராய்ந்து, தன் சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் அகமணமுறை ஒன்றே சாதிக்கு மட்டும் உரிய தனி இயல்பு என்று அந்தக் கட்டுரையில் நிறுவினார். நூறாண்டுகளுக்கு மேலாகியும் அந்த அளவுகோலைவிடச் சிறந்த ஒன்றை நான் கண்டதில்லை. மூன்று சமயங்களையும் அந்த அளவுகோலால் அளந்து பார்த்தால் கிடைக்கும் படம், கட்டுரையாளர் தீட்டிய படத்திலிருந்து வெகுவாக மாறுபடுகிறது.

இந்து சமயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் உள்ள புருஷ சூக்தம், விராட் புருஷனின் வாய் பிராமணனாயிற்று, தோள்கள் அரசனாயின, தொடைகள் வைசியனாயின, பாதங்களிலிருந்து சூத்திரன் பிறந்தான் என்கிறது. கீதையின் நான்காம் அத்தியாயத்தில் கண்ணன், குணத்தையும் செயலையும் ஒட்டி நான்கு வருணங்களைத் தானே படைத்ததாகக் கூறுகிறான். பிறப்பைக் கொண்டல்ல, குணத்தைக் கொண்டே பிரிக்கப்பட்டது என்று வாதிடுவோர் இந்த வரியையே எடுத்துக்காட்டுவர். சாந்தோக்கிய உபநிடதத்தில் வரும் சத்தியகாமனின் கதையும் அவர்களுக்குத் துணை நிற்கும். தந்தை யாரென்று தனக்கே தெரியாது என்று தாய் சபாலை சொன்னதை அப்படியே ஆசிரியரிடம் சொன்ன சிறுவனை, உண்மையிலிருந்து வழுவாதவன் என்று கூறி, கௌதமர் மாணவனாக ஏற்றுக்கொண்டார். இந்தக் கதை இந்திய இலக்கியத்தின் உன்னதங்களுள் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பின்னர் வந்த உரையாசிரியர்கள் அதை என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வேதாந்தத்தின் அடிப்படை நூலான பிரம்ம சூத்திரத்தில் சூத்திரருக்கு வேதம் பயிலும் உரிமை இல்லை என்று நிறுவும் பகுதியில் இதே சத்தியகாமன் சான்றாகக் கொண்டுவரப்படுகிறான். சிறுவன் சூத்திரனல்லன் என்று தெளிந்த பிறகே ஆசிரியர் அவனை ஏற்றார் என்று ஆதிசங்கரர் உரை காண்கிறார். கதவைத் திறந்துவிட்ட கதையே கதவுக்குத் தாழ்ப்பாளாகவும் ஆயிற்று.

இதுவே இந்து மரபின் தனி இக்கட்டு என்று நான் கருதுகிறேன். நூல் இரு பக்கமும் பேசுகிறது. ஒடுக்கப்பட்டவர் ஒரு வரியைக் காட்டி நியாயம் கேட்டால், எதிரே நிற்பவர் அதே நூலிலிருந்தோ அதைவிட அதிகாரம் மிக்கதாகக் கருதப்படும் மற்றொரு நூலிலிருந்தோ வேறொரு வரியைக் காட்ட முடியும். மனுதர்ம சாத்திரம் எந்த ஐயத்துக்கும் இடமின்றிப் பேசுவதால்தான், மகாராஷ்டிரத்து மகாடில் 1927 டிசம்பர் 25 அன்று அம்பேத்கரும் அவரோடு நின்றவர்களும் அதைத் தீயிலிட்டனர்.

தமிழ்நாட்டில் நமக்கு வேறொரு மரபும் உண்டென்று நாம் பெருமை கொள்கிறோம். பெருமைக்குக் காரணமும் உண்டு. பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும் என்று வள்ளுவர் சொன்னார். ஒன்றே குலமும் ஒருவனே தேவனும் என்று திருமூலர் பாடினார். இறைச்சியிலும் தோலிலும் எலும்பிலும் சாதிக்கு இலக்கமிட்டிருக்கிறதா என்று சிவவாக்கியர் முகத்துக்கு நேரே கேட்டார். ஆனால் நந்தனார் எனப்படும் திருநாளைப்போவாரின் வரலாற்றை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். தில்லைக்குள் நுழையத் துணியாமல் எல்லையிலேயே சுற்றிச் சுற்றி வந்த அந்த அடியார், தீயில் மூழ்கி, பூணூல் விளங்கும் மறைமுனிவராக எழுந்த பின்னரே சிற்றம்பலத்தை அடைந்தார். இறைவன் அவரை ஏற்றான். அவர் பிறந்த சேரி அப்படியே இருந்தது. அவருடைய உறவினர் எவருக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை. பக்தி இயக்கம் தனி ஒருவரை உயர்த்தி வணங்கியது, அவருக்குப் பின்னால் இருந்த தெருவைத் தொடாமல் விட்டது என்ற என் மனக்குறையை இத்தனை ஆண்டுகளில் எந்த உரையாசிரியரும் தீர்த்து வைக்கவில்லை.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களையும் நாடார் சமூகத்தவரையும் அழைத்துச் சென்றார். 1947இல் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. 2021 ஆகஸ்டில் பல்வேறு சாதிகளைச் சேர்ந்த பயிற்சி பெற்ற அர்ச்சகர்கள் அறநிலையத் துறைக் கோயில்களில் நியமிக்கப்பட்டனர். இவை சிறிய வெற்றிகள் அல்ல. ஆனால் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதியினர் செல்வதை எதிர்த்த தகராறில் 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைக்க வேண்டி வந்ததையும், வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் 2022 டிசம்பரில் மலம் கலக்கப்பட்டிருந்ததையும் இதே காலத்தில்தான் பார்த்தோம். கோயில் கதவைச் சட்டத்தால் திறக்க முடிந்தது. பெண் கொடுக்கும் வீட்டுக் கதவை எந்தச் சட்டமும் திறக்கவில்லை, திறக்கவும் முடியாது.

பௌத்தத்தின் நிலை அடிப்படையிலேயே வேறு. புத்தர் சாதியை வாதத்தால் எதிர்கொண்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்தது. புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூலான மஜ்ஜிம நிகாயத்தில் அஸ்ஸலாயனன் என்ற இளம் பிராமணன், பிராமணர் பிரம்மாவின் வாயிலிருந்து பிறந்தவர்கள் என்று வாதிட வருகிறான். பிராமணப் பெண்களும் மாதவிலக்காகி, கருவுற்று, பிள்ளை பெற்று, பாலூட்டுவதை எல்லோரும் காண்கிறோமே, பிறகு எப்படி வாயிலிருந்து பிறந்ததாகச் சொல்கிறார்கள் என்று புத்தர் கேட்கிறார். யோன, கம்போஜ நாடுகளில் ஆண்டான், அடிமை என்ற இரண்டே பிரிவுகள்தான் உண்டு, அங்கும் ஆண்டான் அடிமையாகலாம், அடிமை ஆண்டானாகலாம் என்று கேள்விப்பட்டதில்லையா என்றும் வினவுகிறார். சந்தனக் கட்டையைக் கடைந்து மூட்டிய தீயும், நாய்க்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியின் கட்டையைக் கடைந்து மூட்டிய தீயும் ஒரே ஒளியும் ஒரே வெம்மையும் தருவதில்லையா என்ற கேள்விக்கு அந்த இளைஞனிடம் மறுமொழி இல்லை. வாசெட்ட சுத்தம் என்னும் உரையில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: புல்லுக்கும் மரத்துக்கும் பூச்சிக்கும் பறவைக்கும் பிறப்பிலேயே வேறுபாட்டுக் குறிகள் உண்டு, மனிதருக்குள் அப்படி ஒன்றும் இல்லை என்கிறார்.

அவர் பேச்சோடு நின்றுவிடவில்லை. சாக்கிய இளவரசர்கள் துறவு ஏற்க வந்தபோது, அவர்களுக்கு முடிதிருத்திவந்த உபாலிக்கே முதலில் துறவு தரப்பட்டது. துறவியரின் அமைப்பான சங்கத்தில் முன்னால் சேர்ந்தவரைப் பின்னால் சேர்ந்தவர் வணங்க வேண்டும் என்பது விதி. எனவே இளவரசர்கள் தங்கள் நாவிதர் முன் தலைதாழ்த்தினர். புத்தரின் மறைவுக்குப் பின் இராசகிருகத்தில் கூடிய முதல் பேரவையில் துறவியருக்கான விநய ஒழுக்க விதிகளை ஒப்பித்தவரும் அதே உபாலிதான். தமிழில் மணிமேகலைக் காப்பியத்தின் ஆபுத்திரன் இந்த மரபின் நேர் வாரிசு. தன் பிறப்பை இழித்துப் பேசிய வேதியரிடம், பசுவின் மகன் அசலன், மானின் மகன் சிருங்கி, புலியின் மகன் விரிஞ்சி, நரியின் மகன் கேசகம்பளன், இவர்களை நீங்கள் முனிவர்களாகப் போற்றவில்லையா என்று அவன் கேட்கும் இடத்தைப் படிக்கும்போது, இத்தனை நூற்றாண்டுகளுக்கு முன் இந்த மண்ணில் இப்படியொரு குரல் தமிழில் ஒலித்திருக்கிறதே என்று நெஞ்சு நிமிர்கிறது.

ஆனால் அகமணமுறை என்னும் அளவுகோலைக் கையில் எடுத்தால், பௌத்தத்தின் குறை எங்கே என்று தெரிகிறது. புத்தர் சங்கத்துக்கு நுணுக்கமான விதிகளை வகுத்தார். இல்லறத்தாரின் மணமுறையை அந்தந்த நாட்டு வழக்கத்துக்கே விட்டுவிட்டார். சங்கத்திலும்கூட, விடுதலை பெறாத அடிமைக்குத் துறவு தரக்கூடாது என்ற விதி இருந்தது. இல்லறத்தைத் தொடாமல் விட்டதன் விளைவை இலங்கையில் காணலாம். 1753இல் சயாம் (இன்றைய தாய்லாந்து) நாட்டிலிருந்து வந்த துறவியர் கண்டியில் துறவு மரபைப் புதுப்பித்தனர். சயாம் நிகாயம் என்று பெயர் பெற்ற அந்தப் பிரிவு, சில ஆண்டுகளுக்குள் உயர்சாதியாகக் கருதப்படும் கொவிகம சாதியினருக்கு மட்டுமே உயர் துறவு என்று வரையறுத்துக்கொண்டது. சயாமிலிருந்து வந்த அந்தத் துறவியர் குழுவின் தலைவர் பெயரும் உபாலி என்பதை இங்கே வேதனையோடு குறிப்பிடுகிறேன். கராவ, சலாகம, துராவ சாதியினர் தங்களுக்குத் துறவு வேண்டிப் பர்மாவுக்குக் கடல் கடந்து போக வேண்டியதாயிற்று. அங்கே துறவேற்றுத் திரும்பியவர்களைக் கொண்டு 1803இல் அமரபுர நிகாயம் தோன்றியது. சாதியை மறுத்த நூலை ஓதிக்கொண்டே சாதியைக் காக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நம் சென்னையிலும் பௌத்தத்தின் புதுவாழ்வு தொடங்கியது. அம்பேத்கருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1898இல், அயோத்திதாசப் பண்டிதர் பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்புக்குச் சென்று பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 முதல் அவர் நடத்திய இதழின் விலை காலணா. அதனால் அதற்கு ஒரு பைசாத் தமிழன் என்றே பெயர். தாழ்த்தப்பட்டோர் எனப்படுவோர் ஒரு காலத்தில் பௌத்தர்களாக இருந்தவர்கள், அந்தச் சமயம் வீழ்த்தப்பட்டபோது அவர்களும் வீழ்த்தப்பட்டனர் என்பது அவருடைய வாதம். வரலாற்றாசிரியர்கள் அவருடைய சான்றுகள் சிலவற்றை ஏற்க மாட்டார்கள். ஆயினும், நீ யார் என்று எழுதும் உரிமை உன்னிடமே இருக்க வேண்டும் என்று எளிய மக்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்ததை எந்த ஆராய்ச்சியாலும் மறுக்க முடியாது. பெரம்பூரிலும் கோலார் தங்கவயலிலும் அவர் வழிவந்த சங்கங்கள் வேரூன்றின. அவரோடு இயங்கிய பேராசிரியர் லட்சுமி நரசு எழுதிய பௌத்த நூலுக்கு 1948இல் அம்பேத்கர் முன்னுரை எழுதினார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் அம்பேத்கர் பௌத்தம் தழுவியபோது, இல்லறத்தாருக்கென்றே இருபத்திரண்டு உறுதிமொழிகளை வகுத்துத் தந்தார். புத்தர் தொடாமல் விட்ட இடத்தை அவர் சரியாகக் கண்டுகொண்டார் என்பதற்கு அதுவே சான்று. அந்த உறுதிமொழிகளை ஏற்றவர்களின் பிள்ளைகள் படித்தார்கள், தலைநிமிர்ந்தார்கள். ஆனால் திருமணங்கள் பெரும்பாலும் பழைய உறவு வட்டத்துக்குள்ளேயேதான் நடந்து வருகின்றன. வெளியில் இருப்பவர் பெண் தர முன்வராதபோது அவர்களைக் குறைகூறுவதும் முறையாகாது.

இஸ்லாத்தைப் பொறுத்தவரை, நூலின் தெளிவு வியப்புக்குரியது. குர்ஆனின் 49ஆம் அத்தியாயத்தின் 13ஆம் வசனம், மனிதரை ஓர் ஆணிலிருந்தும் ஒரு பெண்ணிலிருந்தும் படைத்து, ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே இனங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியதாகவும், இறையச்சம் மிக்கவரே இறைவனிடத்தில் மேன்மையானவர் என்றும் கூறுகிறது. அபிசீனிய அடிமையாக இருந்த பிலால் இஸ்லாத்தின் முதல் பாங்கொலி எழுப்பியவர். நபிகள் நாயகம், தம் சொந்த அத்தை மகளான ஸைனபை, விடுதலை பெற்ற அடிமையான ஸைதுக்கு மணமுடித்து வைத்தார். அந்த மணவாழ்வு நிலைக்கவில்லை என்பது வேறு செய்தி; குலப்பெருமையை மணவறையிலேயே எதிர்கொள்ள வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. நான் ஒப்பிட்டுப் பார்த்த மூன்று மரபுகளிலும் நிறுவனரே தம் குடும்பத்துப் பெண்ணை இப்படி மணமுடித்துக் கொடுத்த நிகழ்ச்சி இது ஒன்றுதான். திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு நிற்கும் வரிசைகளைப் பார்த்தவர்களுக்கு, முதலில் வந்தவர் முன்வரிசை, பின்னால் வந்தவர் பின்வரிசை என்ற எளிய ஒழுங்கின் பெருமை விளங்கும். கைவண்டி இழுப்பவர் முன்னாலும் கடைமுதலாளி பின்னாலும் நிற்பது அங்கே எவர் கண்ணையும் உறுத்துவதில்லை.

ஆயினும், மணமகனும் மணமகளும் குலத்தாலும் தொழிலாலும் நிகராக இருக்க வேண்டும் என்ற கஃபாஅத் கோட்பாடு பிற்காலச் சட்ட அறிஞர்களிடையே, குறிப்பாக இஸ்லாமியச் சட்ட மரபுகளுள் ஒன்றான ஹனஃபி மரபில், இடம்பெற்றது; இமாம் மாலிக் மார்க்கப் பற்றையே நிகராகக் கொண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடிமைகளாக இருந்த குத்புதீன் ஐபக்கும் இல்துத்மிஷும் டெல்லியில் அரியணை ஏறினர். அதே டெல்லியில் பதினான்காம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் ஜியாவுதீன் பரணி, தாழ்ந்த குடிப் பிறந்தோருக்குக் கல்வியும் பதவியும் தரக்கூடாதென்று எழுதினார். இன்று வடநாட்டில் அஷ்ரஃப் (மேல்குடி), அஜ்லஃப் (கீழ்க்குடி), அர்ஸல் (கடைக்குடி) என்ற மூன்று அடுக்குகள் வழக்கில் இருப்பதை முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழுவின் 2006ஆம் ஆண்டு அறிக்கையும் பதிவு செய்திருக்கிறது. கீழ் அடுக்கில் வைக்கப்பட்டவர்களைத் திரட்டி அலி அன்வர் 1998இல் பீகாரில் பஸ்மந்தா (பின்தங்கியோர்) முஸ்லிம் மகாஸ் என்ற அமைப்பைத் தொடங்கியது, மார்க்கத்தை எதிர்த்து அன்று; மார்க்கம் சொன்னதை நடைமுறைப்படுத்துங்கள் என்று கேட்டுத்தான். தமிழ்நாட்டின் நிலை வடநாட்டைப் போல் கடுமையானதன்று என்பதை மகிழ்ச்சியோடு சொல்வேன். கடற்கரை ஊர்களின் மரைக்காயர், உள்நாட்டு ராவுத்தர், லெப்பை, உருது பேசும் தக்கனி முஸ்லிம் ஆகியோரிடையே உணவிலோ தொழுகையிலோ எந்த விலக்கும் கிடையாது. சம்பந்தம் என்று வரும்போது மட்டும் ஊரும் மொழியும் குடும்பப் பெயரும் கேட்கப்படுகின்றன.

இந்த இடத்தில் என் அலுவலகத்தில் நடந்த ஒன்றைச் சொல்வது பொருந்தும். இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரியில் நூற்றுக்கணக்கான தாழ்த்தப்பட்ட மக்கள் இஸ்லாத்தைத் தழுவியதும், நாடே அதைப் பற்றிப் பேசியதும் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பகுதியிலிருந்து வந்து சென்னையில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்று சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்திருந்தார். அந்தப் பட்டியலில் அன்சார், தக்கனி, துதேகுலா, லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையத் என்று ஏழு பெயர்கள் உண்டு. அவருடைய பெற்றோர் மதம் மாறியவர்கள் என்பதால், இவற்றுள் எதில் சேர்ப்பது என்று வருவாய் ஆய்வாளரின் அறிக்கை தயங்கியிருந்தது. கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, தம்பி, நீங்கள் லெப்பையா, வேறா என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சார், பள்ளிவாசல்ல இந்தக் கேள்விய யாரும் எங்கிட்ட கேட்டதில்ல. பொண்ணு பாக்கப் போனப்ப கேட்டாங்க. அதுக்கப்புறம் நீங்க கேக்குறீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் பிறந்த பிறகு அந்தக் குடும்பத்தில் எவரும் வேறு சமயத்தில் இருந்ததில்லை. மதம் மாறியவர்களை அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வழிசெய்யும் அரசாணை 2024 மார்ச்சில்தான் வந்தது. அதற்கு முன் இத்தகைய விண்ணப்பங்கள் மேசை மேசையாக அலைந்தன. சமய ஒப்பீட்டைப் பற்றி நான் படித்த எந்த நூலும் அந்த இளைஞர் சொன்ன மூன்று வாக்கியங்களுக்கு ஈடாகாது. தொழுகை வரிசையில் சமயம் வென்றது. சம்பந்தம் பேசும் திண்ணையில் சாதி வென்றது. அரசு அலுவலகம் சாதியைக் கேட்டதில் நான் தவறு காணவில்லை. இழைக்கப்பட்ட அநீதிக்கு ஈடு செய்ய வேண்டுமானால் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் கேட்ட பிறகு, மதத்தைக் காரணம் காட்டி ஈட்டை மறுக்கும் வழக்கத்தைத்தான் ஏற்க முடியவில்லை.

கட்டுரையாளர் தொடாத செய்தி இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தைச் சாராத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்று கூறியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இன்றுவரை வெளியே நிற்கின்றனர். அச்சமயங்களின் கோட்பாட்டில் தீண்டாமை இல்லை என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். கோட்பாட்டில் இல்லை என்பதுதான் காரணமென்றால், சாதியை வாதத்தால் தகர்த்த புத்தரின் வழி நடப்போரையும், குருநானக்கின் வழி நடப்போரையும் எப்படிச் சேர்க்க முடிந்தது? அவர்களைச் சேர்த்தது முற்றிலும் சரி. நூல் என்ன சொன்னாலும் ஊர் அவர்களை விடவில்லை என்பதை நாடாளுமன்றம் உணர்ந்து செய்த திருத்தங்கள் அவை. அதே நியாயம் ஏனையோருக்கு மட்டும் ஏன் பொருந்தாமல் போகிறது என்பதற்கு நிறைவான விடையை நான் எங்கும் படித்ததில்லை.

இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றத்தின் முன் கொண்டுபோனவர் சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த ஒரு தொழிலாளி என்பது இந்நகரத்து மக்களில் பலருக்குத் தெரியாது. சாலையோரத்தில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து வேலை செய்யும் செருப்புத் தைக்கும் தொழிலாளர்களுக்குப் பங்க் கடைகளை இலவசமாக வழங்கும் அரசுத் திட்டம் ஒன்று இருந்தது. ஆதி திராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரான சூசை என்பவருக்கு, அவர் இந்துவல்லர் என்பதால் அது கிடைக்கவில்லை. பக்கத்தில் அதே ஊசியும் அதே வாரும் வைத்துக்கொண்டு அதே செருப்பைத் தைப்பவருக்குக் கிடைத்தது. 1985இல் வழங்கப்பட்ட தீர்ப்பு, மதம் மாறிய பிறகும் பழைய சாதியின் இழிவுகள் புதிய சமயச் சூழலிலும் அதே கடுமையோடு தொடர்கின்றன என்று நிறுவப்பட வேண்டும் என்று கூறி அவருடைய மனுவைத் தள்ளியது. நீதிமன்றம் கேட்டது நியாயமான கேள்விதான். அதற்கான சான்றுகளைத் திரட்டித் தரும் பொறுப்பு சாலையோரத் தொழிலாளியுடையதா, அரசினுடையதா என்பதே என் கேள்வி. 2007இல் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், பட்டியல் சாதி என்ற தகுதியை மதத்திலிருந்து முற்றிலும் பிரித்துவிட வேண்டுமென்று பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. இதுபோன்ற விசாரணைகளின்போது மௌலவிகளையும் பாதிரியார்களையும் அழைத்து, உங்கள் மறையில் சாதி உண்டா என்று கேட்பதில் பயனில்லை. அவர்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டையும் தேவாலயத்தின் திருமணப் பதிவேட்டையும் திறந்து, மதம் மாறி வந்த குடும்பங்களுக்கும் பழைய குடும்பங்களுக்கும் இடையே எத்தனை சம்பந்தங்கள் நடந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இன்னொரு தரப்பினருக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இஸ்லாத்திலும் பௌத்தத்திலும் சாதி நுழைந்திருப்பதைச் சுட்டிக்காட்டி, ஆகவே இந்து சமயத்தின் மீது மட்டும் பழி சுமத்தாதீர்கள் என்று தங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நான் மேலே அடுக்கிய செய்திகளை அந்த வாதத்துக்குத் துணையாக எவரும் எடுத்துக்கொள்ளலாகாது. கண்டியில் துறவு மறுக்கப்பட்டவருக்கும், பீகாரில் ஒதுக்கப்பட்ட முஸ்லிம் நெசவாளிக்கும், தம் சமயத்தின் நூலையே எடுத்து முன்னால் வைத்து, நீங்கள் செய்வது மார்க்கத்துக்கு விரோதம் என்று சொல்லும் உரிமை இருக்கிறது. மேல்பாதியில் வாசலில் நிறுத்தப்பட்டவருக்கு அந்த உரிமை அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. அவர் சட்டப் புத்தகத்தைத்தான் எடுத்துக்காட்ட வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாடு சிறிதன்று. இந்துவாகப் பிறந்து, இந்துவாகவே வாழ்ந்து, நாள்தோறும் தேவாரம் ஓதும் குடும்பத்தைச் சேர்ந்தவனாகிய நான் இதை ஒப்புக்கொள்ளத் தயங்கவில்லை. சாதி இந்து சமயத்தின் சாரமன்று என்று மெய்யாகவே நம்பும் மடாதிபதிகளும் ஆச்சாரியர்களும் அதை ஐயத்துக்கு இடமில்லாத சொற்களில் எழுதி, தங்கள் மடத்தின் ஆணையாக வெளியிட்டு, சாதி மறுப்புத் திருமணங்களைத் தங்கள் திருமுன் நடத்தி வைக்கட்டும்.

இறுதியாகத் தங்கள் நாளிதழிடமே ஒரு வேண்டுகோள். சாதியை ஒப்பிட்டு ஆராயும் கட்டுரை நடுப்பக்கத்தில் வெளிவந்த அதே வாரத்தின் ஞாயிறு இதழில், மணமகன், மணமகள் தேவை விளம்பரங்கள் சாதிவாரியாகத் தலைப்பிடப்பட்டு வெளிவந்திருந்தன. இந்து விளம்பரங்களில் உட்பிரிவு வரை குறிக்கப்பட்டிருந்தது. கிறிஸ்தவ விளம்பரங்களில் சமயத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே சாதியின் பெயரும் இருந்தது. முஸ்லிம் விளம்பரங்களில் ராவுத்தர் என்றும் உருது என்றும் கண்டிருந்தது. படித்த, வெளிநாட்டில் பணிபுரியும் மணமகனுக்குச் சாதி தடையில்லை என்று தொடங்கிய ஒரு விளம்பரம், எஸ்.சி., எஸ்.டி. நீங்கலாக என்று அடைப்புக்குறிக்குள் முடிந்திருந்தது. தீண்டாமையை எந்த வடிவில் கடைப்பிடிப்பதும் தடைசெய்யப்படுகிறது என்று கூறும் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு நடைமுறையில் உள்ள நாட்டில் அந்த வரி அச்சேறியிருக்கிறது. விளம்பரதாரர் எழுதித் தந்ததை அச்சிடுகிறோம் என்று தங்கள் விளம்பரப் பிரிவு சொல்லக்கூடும். ஆனால் மது விளம்பரத்தையோ போலி மருத்துவ விளம்பரத்தையோ அவ்வாறு அச்சிட மாட்டீர்கள் என்பதை நான் அறிவேன். குறிப்பிட்ட சாதியினரை விலக்கும் வாசகங்கள் ஏற்கப்படா என்ற ஒரு விதியை விளம்பரப் படிவத்தில் சேர்ப்பதும், சாதிவாரித் தலைப்புகளை நீக்கி ஊர், கல்வி, தொழில் ஆகியவற்றின் அடிப்படையில் அப்பக்கத்தை அமைப்பதும் தங்கள் நிர்வாகத்தால் ஆகக்கூடிய காரியங்கள். அடுத்த மாதத்து ஞாயிறு இதழிலிருந்தே இதைச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்,
பெரம்பூர், சென்னை.